வீட்டுக் கணினியில் சி கம்பைலரும் டீபக்கரும்: தறிக்கூலி நிரலின் விடை ஏன் அசையவே இல்லை?

சென்னிமலைத் தறி | வெள்ளி, இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். நான் பொறியியல் முதலாண்டு மாணவி. எங்கள் வீடு சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது; வீட்டை ஒட்டிய கொட்டகையில் அப்பா ஆறு விசைத்தறிகள் போட்டிருக்கிறார். வார இறுதியில் தறி ஓட்டுபவர்களுக்குக் கூலி கணக்குப் பார்க்கும் வேலை சில மாதங்களாக என்னிடம் வந்திருக்கிறது. கல்லூரியில் சி மொழி நடத்துவதால், அந்தக் கணக்கையே ஒரு நிரலாக எழுதிப் பார்க்கலாம் என்று தொடங்கினேன்.

ஒருவருடைய வாரக் கூலியைக் கணக்கிடும் நிரல் அது. முதலில் அவர் வாங்கியிருக்கும் முன்பணத்தைக் கேட்கும். பிறகு திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு நாளும் நெய்த மீட்டரைக் கேட்டு, மீட்டர் விலையால் பெருக்கி, ஏழு இடமுள்ள ஒரு அரேயில் (எண்ணிட்ட இடங்களின் வரிசை) வைக்கும். கடைசியில் ஏழையும் கூட்டி, முன்பணத்தைக் கழித்து, கையில் கொடுக்க வேண்டிய தொகையைக் காட்டும். கல்லூரி ஆய்வகத்தில் நீலத் திரை கொண்ட பழைய கம்பைலரில் (எழுதிய நிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) ஓட்டியபோது விடை சரியாக வந்தது. வீட்டில் வேறொரு சிக்கல்.

என்னிடம் இருப்பது 4 ஜிபி நினைவகமும் 64-பிட் விண்டோஸ் 10-உம் உள்ள பழைய மடிக்கணினி. இணையம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாகத்தான். விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் எழுதும் செயலியை நிறுவினேன். நிரலை அதில் எழுதி ஓட்டச் சொன்னால், ஜிசிசி என்ற கம்பைலர் கட்டளையே தெரியாது என்று விண்டோஸ் சொல்கிறது. தோழி ஒருத்தியின் மடிக்கணினியில் ஜிசிசி இருந்ததால், அங்கே கொண்டுபோய் ஓட்டினேன். பிழை சொன்ன ஒரு வரியை அங்கே நீக்கியதும் ஓடியது. ஆனால் முன்பணம் 2,000 என்று கொடுத்தாலும் 500 என்று கொடுத்தாலும் கடைசித் தொகை ஒன்றாகவே வருகிறது.

எனக்கு இரண்டு உதவிகள் வேண்டும். வீட்டில் கம்பைலரை முறையாக நிறுவுவது எப்படி? ஒரே நிரல் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு என்ன காரணம்?

கோவை மோட்டார் | வெள்ளி, இரவு 9.35

வணக்கம் அம்மணி. நான் கோவையில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு சி மொழியில் நிரல் எழுதும் வேலையில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு உங்கள் கணினியில் டீபக்கர் (நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்கும் கருவி) வந்த பிறகு நீங்களே பதில் கண்டுபிடிக்கலாம்.

நீங்கள் நிறுவியது எழுதும் கருவி மட்டும்தான். விஷுவல் ஸ்டுடியோ கோடுக்குள் கம்பைலர் கிடையாது. அதில் சேர்க்கும் சி விரிவாக்கமும் கம்பைலரைக் கொண்டுவராது. இதைத் தெரியாமல் முதல் வாரத்தையே இழந்தவர்கள் என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களில் ஏராளம். எழுதிய கோப்பு ஓடும் நிரலாக மாறுவதற்கு நான்கு படிகள் உண்டு. ஹேஷ் குறியிட்டுத் தொடங்கும் வரிகளை விரித்து எழுதும் ப்ரீபிராசசர் முதலில் வரும். அதன் பின் சி மொழியை அசெம்பிளியாக மாற்றும் கம்பைலரும், அசெம்பிளியை இயந்திர எண்களாக்கும் அசெம்பிளரும், உங்கள் நிரலையும் திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் போன்றவை இருக்கும் நூலகங்களையும் ஒன்றாகக் கோக்கும் லிங்கரும் வேலை செய்யும். ஜிசிசி என்று ஒரு கட்டளை கொடுத்தால் இந்த நான்கும் வரிசையாக நடக்கும். பிழைச் செய்தி எந்தப் படியிலிருந்து வருகிறது என்று கண்டுகொண்டால், எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

விண்டோஸுக்கு நான் பரிந்துரைப்பது எம்சிஸ்2 (MSYS2) என்ற கருவித் தொகுப்பு. அதன் தளத்திலிருந்து நிறுவுகோப்பை இறக்கி, கேட்கும் இடத்தை மாற்றாமல் சி டிரைவிலேயே நிறுவுங்கள். முடிந்ததும் யுசிஆர்டி64 என்ற பெயரில் ஒரு கட்டளைச் சாளரம் திறக்கும். ஜிசிசியைக் கொண்டுவரும் பேக்மேன் கட்டளை அந்தத் தளத்தின் முகப்பிலேயே முழுமையாக இருக்கிறது. அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். டீபக்கர் அதனுடன் சேர்ந்து வராது. அதே கட்டளையில் கடைசியில் உள்ள ஜிசிசி என்ற மூன்று எழுத்தை டீபக்கரின் பெயரான ஜிடிபி என்று மாற்றி, இன்னொரு முறை கொடுக்க வேண்டும். பலரும் இந்த இரண்டாவது முறையை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது பாத் மாறி, அதாவது கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று விண்டோஸ் பார்க்கும் பட்டியல். எம்சிஸ்64 கோப்புறைக்குள் யுசிஆர்டி64, அதற்குள் பின் (bin) என்ற கோப்புறை இருக்கும். அதன் முழு முகவரியை விண்டோஸின் சூழல் மாறிகளில் பாத் என்பதில் ஒரு புதிய வரியாகச் சேருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரங்களுக்கு இந்த மாற்றம் தெரியாது. எல்லாவற்றையும் மூடி, புதிதாகத் திறந்து, ஜிசிசி என்ற சொல்லுடன் பதிப்பு கேட்கும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எண் வந்தால் நிறுவல் முடிந்தது. முன்பே வேறு ஏதேனும் கருவியுடன் ஒரு பழைய ஜிசிசி வந்திருந்தால், பாத் வரிசையில் முதலில் இருப்பதைத்தான் விண்டோஸ் எடுக்கும். கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் வேர் (where) என்ற கட்டளையுடன் ஜிசிசி என்று கொடுத்தால் எத்தனை இருக்கின்றன, எது முதலில் இருக்கிறது என்று பட்டியலாகக் காட்டும்.

நாமக்கல் ஆசிரியர் | வெள்ளி, இரவு 10.20

நான் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் சி மொழி நடத்துகிறேன். மாணவியின் ஆய்வகத்தில் இருக்கும் நீலத் திரை எது என்று எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் தெரியும். போர்லேண்ட் நிறுவனம் டர்போ சியை 1987-இல் வெளியிட்டது. இன்றும் ஆய்வகங்களில் ஓடும் டர்போ சி பிளஸ் பிளஸ் 3 என்ற பதிப்பு 1990-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான 16-பிட் நிரல் என்பதால் 64-பிட் விண்டோஸில் நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸ் சூழலுக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

அதைத் தூக்கி எறியுங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வதில்லை. செய்முறைத் தேர்வு எந்தக் கருவியில் நடக்கிறதோ, அதில் விரல் பழகியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் கற்றுக்கொள்வதற்கு அது உகந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சி மொழியின் முதல் தர வரையறை 1989-இல் வந்தது. அதன் பிறகு 1999, 2011 என்று பல திருத்தங்கள் வந்துவிட்டன. 1999-ஆம் ஆண்டுத் தரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு ஃபங்ஷனை (பெயரிட்டு அழைக்கும் நிரல் பகுதி) அழைக்கும் வழக்கம் மொழியிலிருந்தே எடுக்கப்பட்டது. எழுத்துகளின் எண்ணிக்கைக்கு எல்லை பார்க்காமல் உள்ளிடும் கெட்ஸ் என்ற ஆபத்தான ஃபங்ஷனை 2011-ஆம் ஆண்டுத் தரம் நீக்கிவிட்டது. பழைய கம்பைலர் இவற்றையெல்லாம் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த நீலத் திரைக்கு நியாயம் செய்ய விரும்புகிறேன். அதற்குள்ளேயே ஒரு டீபக்கர் இருக்கிறது. எஃப்8-ஐ அழுத்தினால் நிரல் ஒரு வரி நகரும். எஃப்7-ஐ அழுத்தினால் ஃபங்ஷனுக்குள் இறங்கும். கண்ட்ரோலுடன் எஃப்7-ஐ அழுத்தி ஒரு மாறியின் பெயரைக் கொடுத்தால், அதன் மதிப்பு கீழே மாறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கணினிகளில் உட்கார்ந்த மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ட்ரோல், எஃப்9 என்ற ஓட்டும் சாவி மட்டுமே கற்பிக்கப்பட்டது. நானும் முதல் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

திருப்பூர் பீஸ்ரேட் | வெள்ளி, இரவு 10.48

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய கம்பைலரில் முழு எண்களை வைக்கும் இன்ட் வகைக்கு இரண்டு பைட் மட்டுமே. அதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. இன்றைய ஜிசிசியில் அதே இன்ட் நான்கு பைட். ஆறு தறிகளின் மாதக் கூலியையும் கூட்டினால் 40,000 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் அது 65,536 குறைந்து, கழித்தல் 25,536 என்று காட்டும். நிரலில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. நான் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் பீஸ் கணக்குக்கு நிரல் எழுதிய நாளில் இந்தக் கழித்தல் குறியைப் பார்த்து இரண்டு இரவு தூங்கவில்லை.

ஆனால் மாணவி சொல்லும் சிக்கல் இது அல்ல. அவருடைய தொகை சிறியது. தவறும் புதிய கம்பைலரில்தான் வருகிறது.

சென்னிமலைத் தறி | சனி, பிற்பகல் 2.15

நன்றி அண்ணா, நன்றி ஐயா. காலையிலிருந்து உட்கார்ந்து நிறுவி முடித்தேன். வழியில் மூன்று தடங்கல்கள் வந்தன. என்னைப் போல் புதிதாக வருபவர்களுக்கு உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலாவது, கம்பைலருக்குக் கோப்பே அகப்படவில்லை. நோட்பேடில் சேமித்திருந்ததால், பெயரின் இறுதியில் டாட் சிக்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி என்று இன்னொரு வாலும் சேர்ந்திருந்தது. விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் எனக்குத் தெரியவில்லை. கோப்பு நீட்சிகளைக் காட்டும் அமைப்பை இயக்கிய பிறகு புரிந்தது.

இரண்டாவது, திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் ஃபங்ஷன். கோனியோ என்ற தலைப்புக் கோப்பு இங்கேயும் இருக்கிறது, சாவி அழுத்தக் காத்திருக்கும் கெட்ச் வேலை செய்கிறது. ஆனால் கிளியர்ஸ்கிரீன் அதில் இல்லை. அந்த வரியை நீக்கினேன். நிரல் தொடங்கும் இடத்தில் இருந்த வாய்ட் மெயின் என்பதையும் எச்சரிக்கை வந்ததால் இன்ட் மெயின் என்று மாற்றினேன்.

மூன்றாவது, ஒரு முறை திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்தபோது, வெளியீட்டுக் கோப்பை எழுத அனுமதி இல்லை என்று செய்தி வந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான், முந்தைய ஓட்டம் இன்னொரு சாளரத்தில் மீட்டரைக் கேட்டுக் காத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். அதை மூடியதும் சரியாகிவிட்டது.

இப்போது என் கணினியிலும் தோழியின் கணினியில் வந்த தவறே வருகிறது. ஒரு நாளைக்கு 60 மீட்டர், மீட்டருக்கு 8 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டேன். ஒரு நாள் கூலி 480. ஏழு நாளுக்கு 3,360. முன்பணம் 2,000 போக 1,360 வர வேண்டும். நிரல் 2,880 என்கிறது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடவில்லை என்று அந்த நாளுக்குச் சுழியம் கொடுத்தால் 880 வர வேண்டும். அப்போதும் 2,880 என்றே சொல்கிறது. பக்கத்தில் நின்று பார்த்த அப்பா, "முன்பணத்தையே கழிக்காம விட்டுட்டா, அப்புறம் கணக்கு எப்படிக் கண்ணு நேராகும்" என்றார்.

பொள்ளாச்சி லினக்ஸ் | சனி, பிற்பகல் 3.05

தங்கைக்கு வணக்கம். விண்டோஸுடன் இத்தனை போராட்டம் எதற்கு? லினக்ஸ் வகையான உபுண்டுவில் பில்ட் எசென்ஷியல் என்ற தொகுப்பையும் ஜிடிபியையும் ஏப்ட் கட்டளை வழியாக ஒரே வரியில் நிறுவிவிடலாம். பாத் மாறியைத் தொடவே வேண்டாம். உங்கள் தவறு, ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதும் நினைவக மீறலாகத்தான் இருக்கும். வால்கிரைண்ட் என்ற கருவியின் கீழ் ஓட்டினால் எந்த வரி என்று சொல்லிவிடும்.

கோவை மோட்டார் | சனி, பிற்பகல் 3.30

பொள்ளாச்சி நண்பரே, லினக்ஸ் நிறுவல் எளிது என்பதில் எனக்கு மறுப்பில்லை. வால்கிரைண்டைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். அதன் மெம்செக் கருவி, நிரல் ஓடும்போது மேலாக் (malloc) என்ற ஃபங்ஷன் மூலம் வாங்கிய நினைவகத்தில் எல்லை மீறினால் துல்லியமாகப் பிடிக்கும். இந்த மாணவியின் அரே ஃபங்ஷனுக்குள்ளேயே அறிவிக்கப்பட்ட உள்ளூர் மாறியாகத்தான் இருக்கும்; அப்படியானால் அது ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இருக்கும். ஸ்டாக்கில் ஒரு மாறியின் எல்லையைக் கடந்து பக்கத்து மாறியில் எழுதினால் மெம்செக் பெரும்பாலும் வாய் திறக்காது. அதன் பார்வையில் இரண்டுமே எழுத அனுமதி உள்ள இடம்தான். இதற்கு உரியது அட்ரஸ் சானிடைசர். லினக்ஸில் ஜிசிசியுடன் அதுவும் கிடைக்கும். எம்சிஸ்2 தரும் விண்டோஸ் ஜிசிசியில் அது இல்லை.

ஆனால் நான் இன்று கருவி தேடச் சொல்லப் போவதில்லை. இந்தத் தவறு டீபக்கர் கற்றுக்கொள்வதற்கென்றே வாய்த்த தவறு. இதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டால் ஒரு நல்ல வாய்ப்பு வீணாகும். மாணவி இன்னும் நிரலை இங்கே ஒட்டவில்லை. ஒட்ட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மணி, இந்த வரிசையில் செய்யுங்கள். கம்பைல் செய்யும்போது ஜிசிசிக்குப் பின்னால் ஹைபன் சேர்த்து ஜி என்ற சிற்றெழுத்தைக் கொடுங்கள். இது வரி எண்களையும் மாறிகளின் பெயர்களையும் நிரலுக்குள் பதித்து வைக்கும். இது இல்லாவிட்டால் டீபக்கருக்கு வெறும் முகவரிகள்தான் தெரியும். அதோடு ஹைபன் வால் (-Wall) என்பதையும் சேருங்கள். அதில் டபிள்யூ பெரிய எழுத்து. வழக்கமான எச்சரிக்கைகள் அனைத்தையும் அது இயக்கும். ஹைபனுடன் ஓ என்ற சிற்றெழுத்து வெளியீட்டின் பெயருக்கு உரியது. அதே ஓ பேரெழுத்தானால் நிரலை வேகமாக்கும் உகப்பாக்கத்தைக் குறிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உகப்பாக்கம் இயங்கினால் கம்பைலர் வரிகளை இடம் மாற்றும், மாறிகளை அழித்துவிடும். டீபக்கர் வரி விட்டு வரி தாவும். இப்போதைக்கு அது வேண்டாம்.

பிறகு ஜிடிபி என்று எழுதி, உங்கள் நிரலின் பெயரைக் கொடுங்கள். பிரேக் மெயின் என்று கட்டளையிட்டு, ரன் என்று ஓட்டுங்கள். மெயினின் முதல் வரியில் நிரல் நின்று, அந்த வரியைத் திரையில் காட்டும். இங்கே ஒன்றை மனத்தில் பதியுங்கள்: காட்டப்படும் வரி இனிமேல்தான் நடக்கப் போகிறது. முன்பணம் சுழியம் என்ற வரி திரையில் நிற்கும்போது முன்பணத்தை அச்சிட்டுப் பார்த்தால் ஏதோ குப்பை எண் வரும், அது தவறல்ல. அடுத்த வரிக்குப் போன பிறகுதான் சுழியம் தெரியும். புதியவர்கள் டீபக்கரே பொய் சொல்கிறது என்று கைவிடும் இடம் இது.

நெக்ஸ்ட் என்ற கட்டளை ஒரு வரி நகர்த்தும். உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் வரி வரும்போது டீபக்கர் உறைந்துவிட்டது போல் தோன்றும். உண்மையில் நிரல் உங்கள் உள்ளீட்டுக்குக் காத்திருக்கிறது, எண்ணைத் தட்டி எண்டர் கொடுங்கள். நிரலின் திரையும் டீபக்கரின் திரையும் கலந்து குழப்பினால், ஓட்டுவதற்கு முன்பே செட் நியூ-கன்சோல் ஆன் என்று கொடுங்கள். நிரல் தனிச் சாளரத்தில் ஓடும். எந்த இடத்திலும் பிரிண்ட் என்று எழுதி மாறியின் பெயரைக் கொடுத்தால் மதிப்பு வரும். இன்ஃபோ லோக்கல்ஸ் என்றால் ஃபங்ஷனின் எல்லா உள்ளூர் மாறிகளும் வரும்.

முன்பணத்தை உள்ளிட்டு முடித்து அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்துங்கள். பிரிண்ட் கொடுத்து 2,000 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாட்ச் என்று எழுதி முன்பணம் மாறியின் பெயரைக் கொடுத்து, கன்டினியூ என்று விடுங்கள். அந்த மாறியின் மதிப்பை யார் மாற்றினாலும், மாற்றிய கணமே நிரல் நிற்கும். கண்ட இடத்தில் எல்லாம் பிரிண்ட்எஃப் செருகித் தேடினால், எங்கே செருகுவது என்று முதலில் நீங்கள் ஊகிக்க வேண்டும். வாட்ச் அந்த ஊகத்தைக் கேட்பதில்லை. நிற்கும் வரியையும், காட்டும் பழைய புதிய மதிப்புகளையும் இங்கே எழுதுங்கள்.

கோபி கைப்பேசி | சனி, மாலை 5.10

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் கணினியே இல்லை. கோபிக்குப் பக்கத்தில் ஊர், கையில் ஆண்ட்ராய்டு பேசி மட்டும்தான். இதையெல்லாம் நானும் செய்ய முடியுமா?

பொள்ளாச்சி லினக்ஸ் | சனி, மாலை 5.25

முடியும் தம்பி. டெர்மக்ஸ் என்ற செயலியை எஃப்-டிராய்ட் தளத்திலிருந்து நிறுவி, அதன் பிகேஜி கட்டளையால் கிளாங் கம்பைலரையும் ஜிடிபியையும் கொண்டுவரலாம். டெர்மக்ஸின் சொந்த வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே நிரலை வைத்துக் கம்பைல் செய்யுங்கள். பேசியின் பொது நினைவகத்தில் வைத்தால் கம்பைல் ஆகும், ஆனால் ஓட்ட அனுமதி மறுக்கப்படும். ஓட்டும்போது பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்க்க வேண்டும்.

வால்கிரைண்ட் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். என் கணினியில் சிறிய நிரல் எழுதிச் சோதித்தேன். கோவை அண்ணன் சொன்னதே சரி, அது வாய் திறக்கவில்லை.

சென்னிமலைத் தறி | சனி, இரவு 9.40

கோவை அண்ணா, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கை நடுங்குவதால் நிதானமாக எழுதுகிறேன். நிரலில் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் வைத்திருக்கிறேன். படிப்பதற்கு எளிதாக இங்கே தமிழில் தருகிறேன்.

முன்பணத்தைக் கொடுத்த பிறகு பிரிண்ட் செய்தால் 2,000 என்று சரியாக வந்தது. வாட்ச் போட்டுவிட்டு கன்டினியூ கொடுத்தேன். திங்கள், செவ்வாய் என்று ஆறு நாளின் மீட்டரையும் கொடுத்தேன். நிரல் எங்கும் நிற்கவில்லை. ஏழாம் நாளுக்கு 60 என்று கொடுத்ததும் நின்றது. பழைய மதிப்பு 2,000, புதிய மதிப்பு 480 என்று காட்டியது. நின்ற இடத்துக்கு முந்தைய வரி, கூலி அரேயில் அன்றைய கூலியை எழுதும் வரி. அந்த வரியில் முன்பணம் என்ற பெயரே இல்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிறகு நாள் என்ற மாறியை அச்சிட்டேன். 7 என்று வந்தது. அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமையை ஒன்று என்று வைத்து, ஒன்றிலிருந்து ஏழு வரை சுற்றை ஓட்டியிருக்கிறேன். அரேயில் ஏழு இடம்தான். அவற்றின் எண்கள் சுழியம் முதல் ஆறு வரை. ஏழாம் எண் என்ற இடம் அதில் கிடையாது. ஒரு சந்தேகத்துக்காக, கூலி அரேயின் ஏழாம் எண் இடத்தின் முகவரியையும் முன்பணத்தின் முகவரியையும் ஆம்பர்சண்ட் குறியிட்டு அச்சிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே எண்!

விடை ஏன் 2,880-லிருந்து அசையவில்லை என்பதும் இப்போது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூலியும் முன்பணமும் ஒரே இடத்தில் இருப்பதால், கூட்டும்போது எதைச் சேர்க்கிறதோ, கழிக்கும்போது அதையே எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது முதல் ஆறு நாளின் கூலி மட்டும்; ஆறு 480 என்பது 2,880.

எனக்கு இரண்டு ஐயங்கள். வால் என்ற எச்சரிக்கையை இயக்கியும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லையே, ஏன்? ஆய்வகத்தில் எப்படிச் சரியாக வந்தது?

கோவை மோட்டார் | சனி, இரவு 10.15

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். முகவரிகளை அச்சிட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அந்த எண்ணம் உங்களுடையது.

முதல் ஐயத்துக்கு விடை: அரே எல்லையைப் பற்றிய எச்சரிக்கைக்கு, மாறிகள் எந்தெந்த மதிப்புகளை எடுக்கும் என்ற ஆய்வு தேவை, ஜிசிசி அந்த ஆய்வை உகப்பாக்கம் இயங்கும்போதுதான் செய்கிறது. உகப்பாக்கம் இல்லாமல் கம்பைல் செய்ததால் அது வாய் மூடியிருந்தது. ஆகவே வீட்டில் இரண்டு விதமாகவும் ஒவ்வொரு முறை கம்பைல் செய்து பார்ப்பது நல்ல பழக்கம்: டீபக்கருக்காக ஜி மட்டும், எச்சரிக்கைக்காக ஓ2-உம் சேர்த்து. அப்போதும் எல்லாத் தவறுகளும் அகப்படும் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது ஐயம்: ஆய்வகத்திலும் சரியாக இருக்கவில்லை. அங்கேயும் நிரல் அரேக்கு வெளியேதான் எழுதியது. நான்கு பைட் இன்ட்டில் உங்கள் அரே 28 பைட் இடத்தை எடுக்கிறது; இரண்டு பைட் இன்ட்டில் 14 பைட்தான். அதை ஒட்டி எந்த மாறியை வைப்பது என்பது அந்தந்தக் கம்பைலரின் விருப்பம். பழைய கம்பைலர் அந்த இடத்தில் உங்கள் கணக்குக்குத் தேவையில்லாத எதையோ வைத்திருந்தது. எல்லை மீறினால் என்ன நடக்க வேண்டும் என்று சி மொழியின் தர வரையறை எதையும் வகுக்கவில்லை. ஆகவே சரியான விடை வருவதும் அதன்படி நடக்கக்கூடிய ஒன்றுதான். எங்கள் தொழிலில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். மேசையில் மாதக்கணக்கில் சரியாக ஓடிய பலகை, ஒரு புதிய மாறியைச் சேர்த்த அன்று மோட்டாரை நிறுத்த மறுத்தது. சேர்த்த மாறியில் குற்றமில்லை, அது பழைய எல்லை மீறலின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததுதான் வினை.

நாமக்கல் ஆசிரியர் | ஞாயிறு, காலை 7.30

திருத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. அரேயை எட்டு இடமாக்கி முதல் இடத்தைக் காலியாக விடலாம். அல்லது சுற்றைச் சுழியத்திலிருந்து ஏழுக்குக் குறைவாக ஓட்டி, திரையில் காட்டும்போது மட்டும் ஒன்று கூட்டிக் காட்டலாம். இரண்டாவது வழியையே பழகச் சொல்வேன். பிறர் எழுதிய நிரல்களைப் படிக்கும்போதும் நூலக ஃபங்ஷன்களைப் பயன்படுத்தும்போதும் சுழியத்தில் தொடங்கும் எண்ணிக்கையே எங்கும் வரும்.

இந்த நிரலை, மாணவியின் அனுமதி இருந்தால், அடுத்த பருவத்தில் என் வகுப்பில் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். நீலத் திரையிலும் ஜிசிசியிலும் ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டி, பிறகு எஃப்8-ஐ அழுத்தச் சொல்லப் போகிறேன்.

சென்னிமலைத் தறி | ஞாயிறு, இரவு 8.20

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. இரண்டாவது வழியில் திருத்திவிட்டேன். அப்பாவின் கூலி நோட்டில் கடந்த 12 வாரங்களுக்கான கணக்கு இருக்கிறது. ஒவ்வொன்றையும் கொடுத்துப் பார்த்தேன், 12-உம் நோட்டோடு பொருந்தின. அவர் பேனாவால் ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே ஒரு குறி போட்டார். வரும் வாரம் நோட்டிலும் எழுதி, நிரலிலும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்ததாக, ஆறு பேரின் மீட்டர் கணக்கையும் ஒரு கோப்பிலிருந்து படிக்க முயன்றேன். கட்டளைச் சாளரத்தில் ஓட்டினால் ஒன்றும் காட்டாமல் முடிந்துவிடுகிறது. ஜிடிபியில் ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் (அனுமதியில்லாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்று நிற்கிறது. நிற்கும் இடம் என் நிரலில் இல்லாத ஏதோ ஒரு ஃபங்ஷன்.

கோவை மோட்டார் | ஞாயிறு, இரவு 8.45

நின்ற இடத்திலேயே பிடி என்ற இரண்டு எழுத்தைக் கொடுங்கள். அது பேக்டிரேஸ் என்பதன் சுருக்கம். எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற வரிசை, உள்ளிருந்து வெளியே வரும். மேலே இருப்பவை நூலகத்தின் உள்ளறைகள். அவற்றை விட்டுவிட்டு, உங்கள் கோப்பின் பெயரும் வரி எண்ணும் எந்த வரிசையில் முதலில் வருகிறதோ, அதன் எண்ணை ஃப்ரேம் என்ற கட்டளையுடன் கொடுத்து அங்கே போங்கள். பிறகு கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன் திருப்பித் தந்த மதிப்புள்ள மாறியை அச்சிட்டுப் பாருங்கள். சுழியம் என்று வந்தால் கோப்பு திறக்கவே இல்லை. பெயரின் வாலில் மறுபடி டாட் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சென்னிமலைத் தறி | ஞாயிறு, இரவு 8.58

ஒட்டியிருக்கிறது அண்ணா.